வாயைத் திறந்தபடி அசையாமல் மூன்று நிமிடம்: தாடை மூட்டு ஸ்கேனை ஏஐ எப்படி வேகப்படுத்துகிறது?

இரண்டு காதுக்கும் முன்னால் ஒரு விரலை வைத்துக்கொண்டு, வாயை மெதுவாகத் திறந்து மூடிப் பாருங்கள். விரலுக்கு அடியில் ஏதோ உருண்டு, கொஞ்சம் முன்னால் வழுக்கிப் போய், பிறகு திரும்பி வருகிறதா? அதுதான் தாடை மூட்டு. சாப்பிட, பேச, கொட்டாவி விட, தூக்கத்தில் பல்லைக் கடிக்க என்று நாள் முழுக்க வேலை செய்யும் இதைப் பற்றி, வலிக்கும் வரை நாம் யாரும் நினைப்பதே இல்லை.

சிலருக்கு வாயைத் திறக்கும்போது 'டக்'கென்று ஒரு சத்தம் கேட்கும். சிலருக்குக் காலையில் எழுந்தால் வாய் பாதிதான் திறக்கும். காது வலி என்று காது டாக்டரிடம் போய், பல் வலி என்று பல் டாக்டரிடம் போய், கடைசியில்தான் பிரச்சினை இரண்டுக்கும் நடுவே இருக்கும் மூட்டில் என்று தெரியவரும். பெண்களிடம், குறிப்பாக 20 முதல் 40 வயதுக்குள் இருப்பவர்களிடம், இது அதிகம்.

அப்படி ஒரு கட்டத்தில் டாக்டர் எழுதித் தருவதுதான் தாடை மூட்டு எம்.ஆர்.ஐ. வலியால் வாய் திறக்க முடியாமல் வந்தவரிடம், 'வாயைத் திறந்து வெச்சுக்கிட்டு அசையாம படுங்க' என்று சொல்லும் ஸ்கேன் இது. அந்த நேரத்தைக் குறைக்கத்தான் இப்போது ஏஐ வந்திருக்கிறது. எப்படி என்று பார்ப்போம். அதை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதையும்தான்.

எக்ஸ்ரே போதாதா?

தாடையில் இருப்பது வெறும் கீல் மூட்டு இல்லை. கீழ்த்தாடை எலும்பின் குமிழ் போன்ற முனை, மண்டையோட்டில் உள்ள ஒரு குழிக்குள் உட்கார்ந்திருக்கிறது. வாயைக் கொஞ்சம் திறக்கும்போது அந்தக் குமிழ் உருளும். இன்னும் அகலமாகத் திறந்தால், குழியை விட்டு இறங்கி முன்னால் வழுக்கும். இரண்டு எலும்புக்கும் நடுவே ஒரு டிஸ்க் இருக்கிறது. இரு புறமும் குழிந்த சின்ன மெத்தை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் நடுப்பகுதியின் தடிமன் சுமார் 1 மில்லிமீட்டர், பின்விளிம்பு சுமார் 3 மில்லிமீட்டர். அவ்வளவுதான்.

இந்த மெத்தை குமிழோடு சேர்ந்தே முன்னும் பின்னும் நகர வேண்டும். அது முன்பக்கம் நழுவிவிட்டால், வாயைத் திறக்கும்போது குமிழ் அதன்மேல் ஏறிக் குதிக்கும். அந்த 'டக்' சத்தம் அதுதான். சிலருக்கு ஒரு நாள் சத்தம் திடீரென்று நின்றுபோகும். சரியாகிவிட்டது என்று சந்தோஷப்பட வேண்டாம். டிஸ்க் திரும்ப இடத்துக்கு வராமல் முன்னாலேயே மாட்டிக்கொண்டதால்கூட சத்தம் நிற்கும். அப்போது வாயும் முழுதாகத் திறக்காது. பொதுவாக 40 மில்லிமீட்டருக்கு மேல் திறக்க வேண்டும். உங்கள் மூன்று விரல்களைச் செங்குத்தாக அடுக்கி முன்பற்களுக்கு நடுவே வைக்க முடிகிறதா என்று பார்ப்பது டாக்டர்கள் செய்யும் எளிய சோதனை.

எக்ஸ்ரேயிலும் சிடி ஸ்கேனிலும் எலும்பு நன்றாகத் தெரியும், டிஸ்க் தெரியாது. அதைக் காட்டுவதில் எம்.ஆர்.ஐ.க்கு இணை இல்லை. அதிலும் ஒரு படம் போதாது. வாய் மூடியிருக்கும்போது டிஸ்க் எங்கே இருக்கிறது, திறக்கும்போது எங்கே போகிறது என்று இரண்டையும் பார்த்தால்தான் நழுவிய டிஸ்க் திரும்ப இடத்துக்கு வருகிறதா என்று தெரியும். அதனால் இரண்டு பக்க மூட்டையும், வாயை மூடியும் திறந்தும், பல கோணங்களில் எடுப்பார்கள். எல்லாம் சேர்ந்து 20 முதல் 40 நிமிடம் வரை ஆகும்.

ஏன் இவ்வளவு நேரம்? ஒரு சின்னக் கணக்கு

செல்போன் கேமரா ஒரே நொடியில் படம் எடுக்கிறது. எம்.ஆர்.ஐ. ஏன் இழுக்கிறது? அது படமே எடுப்பதில்லை என்பதுதான் காரணம்.

உடம்பில் உள்ள நீரிலும் கொழுப்பிலும் இருக்கும் ஹைட்ரஜன் அணுக்களை வலுவான காந்தத்துக்குள் வைத்து, ரேடியோ அலையால் தட்டி, அவை திருப்பி அனுப்பும் சிக்னலைக் கருவி கேட்கிறது. அந்த சிக்னல்கள் 'கே-ஸ்பேஸ்' என்ற ஒரு அட்டவணையில் வரி வரியாக நிரம்பும். நடு வரிகள் படத்தின் பெரிய வடிவத்தையும் வெளிச்சத்தையும் சுமக்கின்றன. ஓர வரிகளில் நுணுக்கமான விளிம்புகள் இருக்கும். எல்லா வரியும் வந்த பிறகுதான் கணிதம் அதைப் படமாக மாற்றும்.

ஒரு படத்துக்கு 256 வரிகள், ஒரு வரிக்கு 2 விநாடி என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 512 விநாடி, அதாவது எட்டரை நிமிடம். யாரால் வாயைத் திறந்தபடி எட்டரை நிமிடம் படுக்க முடியும்? 1986-ல் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரில் யூர்கன் ஹென்னிக் குழுவினர், ஒரே தட்டலில் பல வரிகளைச் சேர்த்து எடுக்கும் வழியைக் கண்டுபிடித்தார்கள். எட்டு வரிகள் ஒன்றாக வந்தால் 64 விநாடி போதும். ஆனால் தாடை மூட்டு சின்னது. டிஸ்க்கைக் காட்ட 3 மில்லிமீட்டர் அல்லது அதற்கும் குறைவான மெல்லிய துண்டுகளாக எடுக்க வேண்டும். துண்டு மெலிந்தால் சிக்னலும் மெலியும், படம் புள்ளிப்புள்ளியாக இரைச்சலோடு வரும். அதைச் சமாளிக்க அதே வரிகளை மூன்று முறை எடுத்துச் சராசரி பார்த்தால் 192 விநாடி. தலைப்பில் உள்ள மூன்று நிமிடம் இங்கேதான் வருகிறது. இது ஒரு கோணத்துக்கு மட்டும்.

அந்த மூன்று நிமிடத்தில் எச்சில் ஊறும், விழுங்கத் தோன்றும். பற்களுக்கு நடுவே வைத்த கட்டையைக் கடித்துக் கடித்து தாடைத் தசை நடுங்கும். அசைந்தால் படம் மங்கிவிடும். 1 மில்லிமீட்டர் டிஸ்க்கைத் தேடும் இடத்தில் 1 மில்லிமீட்டர் அசைவே எல்லாவற்றையும் கெடுத்துவிடும். முழங்காலைப் பட்டையால் கட்டிவைக்கலாம், தாடையை அப்படிக் கட்ட முடியாது. அதிக வலி உள்ளவரால்தான் அதிக நேரம் திறந்து வைக்க முடியாது. ஆக, யாருக்குத் தெளிவான படம் தேவையோ அவருடைய படமே மோசமாக வரும். நேரத்தைக் குறைப்பது இங்கே வெறும் வசதிக்காக இல்லை, சரியான நோய் கண்டறிதலுக்காகவும்தான்.

வரிகளைத் தவிர்த்தால் என்ன ஆகும்?

நேரத்தைக் குறைக்க நேரடியான வழி, குறைவான வரிகளை எடுப்பது. இரண்டில் ஒரு வரியை விட்டுவிட்டால் நேரம் பாதி. ஆனால் படம் தன்மேலேயே மடிந்து விழும், ஒரு பக்கம் இருக்கவேண்டியது இன்னொரு பக்கத்தின் மேல் பேய் போல் தெரியும்.

இதற்கு 1990-களின் இறுதியில் ஒரு விடை வந்தது. சிக்னலை ஒரே ஒரு ஆன்டெனாவால் வாங்காமல், வெவ்வேறு இடத்தில் வைத்த பல 'காயில்'களால் வாங்குவது. மேடைப் பேச்சை அரங்கின் நான்கு மூலையில் இருந்து பதிவு செய்தால், எந்தக் குரல் எந்தப் பக்கத்தில் இருந்து வந்தது என்று பிரித்துவிட முடியும் இல்லையா, அது மாதிரி. டேனியல் சோடிக்சன் இதன் முதல் வடிவங்களில் ஒன்றை 1997-ல் வெளியிட்டார். இவர் பெயர் இன்னொரு முறை வரப்போகிறது.

2007-ல் ஸ்டான்ஃபோர்டின் மைக்கேல் லஸ்டிக், டேவிட் டோனஹோ, ஜான் பாலி மூவரும் அடுத்த படியை ஏறினார்கள். ஒரு படத்தை ஜேபெக் ஆகச் சுருக்கினாலும் நமக்கு வித்தியாசம் தெரிவதில்லை. எப்படியும் தூக்கி எறியப்போகும் தகவலை முதலிலேயே ஏன் சேகரிக்க வேண்டும் என்பது அவர்கள் கேள்வி. வரிகளை ஒழுங்கில்லாமல் அங்கங்கே தேர்ந்தெடுத்து எடுத்து, மீதியைக் கணிதத்தால் மீட்டார்கள். 'கம்ப்ரெஸ்டு சென்சிங்' என்று பெயர்.

இரண்டுமே நல்ல வழிகள், ஆனால் ஒரு எல்லை உண்டு. எம்.ஆர்.ஐ.யில் தெளிவு என்பது நேரத்தின் வர்க்கமூலத்தோடு போகும். நேரத்தை நான்கில் ஒன்றாக்கினால் தெளிவு பாதியாகும். மேலே போட்ட கணக்கிலேயே பார்க்கலாம். வரிகளைப் பாதியாக்கி, மூன்று முறைக்குப் பதில் ஒரே முறை எடுத்தால் 192 விநாடி 32 விநாடியாகச் சுருங்கும். ஆறு மடங்கு வேகம்! ஆனால் கிடைக்கும் தெளிவு பழையதில் சுமார் 40 சதவீதம்தான். மெல்லிய டிஸ்க் அந்த இரைச்சலில் காணாமல் போய்விடும்.

ஏஐ உள்ளே வருவது இந்த இடத்தில்தான்.

கோலம் பழகிய கை

புள்ளிக் கோலம் போடுகிறவர்களுக்குப் பாதிப் புள்ளி வைத்துக் கொடுத்தாலே மீதி எங்கே வரும் என்று தெரியும். ஆயிரம் கோலம் போட்ட கைப்பழக்கம் அது. ஏஐக்கும் அதே பயிற்சிதான். பொறுமையாக, முழு வரிகளோடு எடுத்த ஸ்கேன்கள் ஆயிரக்கணக்கில் கொடுக்கப்படும். அவற்றில் இருந்து வேண்டுமென்றே வரிகளை நீக்கிவிட்டு, 'இதிலிருந்து முழுப் படத்தைக் கொண்டு வா' என்று கேட்பார்கள். அது கொண்டுவந்ததை நிஜப் படத்தோடு ஒப்பிட்டு, தவறு குறையும் வரை திருத்திக்கொண்டே போவார்கள். இரைச்சல் எப்படி இருக்கும், எலும்பு விளிம்பு எப்படி இருக்கும் என்று அது பழகிவிடும்.

ஒரு முக்கியமான விஷயம். இது 'படம் வரைந்து கொடு' என்றால் வரைந்து தரும் செயலி மாதிரி இல்லை. நல்ல வடிவமைப்புகளில், ஏஐ ஒவ்வொரு படி திருத்திய பிறகும், 'கருவி நிஜமாக அளந்த வரிகளோடு இது ஒத்துப்போகிறதா?' என்று ஒரு சரிபார்ப்பு நடக்கும். ஒத்துப்போகாவிட்டால் இழுத்துப் பிடிக்கும். அதாவது வைத்த புள்ளிகளை அது மாற்ற முடியாது, வைக்காத புள்ளிகளைத்தான் ஊகிக்கலாம்.

இந்தத் துறையில் பெரிய திருப்பம் தாடையில் நடக்கவில்லை, முழங்காலில் நடந்தது. 2018 ஆகஸ்டில் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் லாங்கோன் மருத்துவ மையமும் ஃபேஸ்புக்கின் ஏஐ ஆய்வுப் பிரிவும் சேர்ந்து 'ஃபாஸ்ட் எம்.ஆர்.ஐ.' திட்டத்தை அறிவித்தன. அதை வழிநடத்தியவர்களில் ஒருவர் அதே சோடிக்சன். நோயாளிகளின் அடையாளம் நீக்கிய சுமார் 1,500 முழங்கால் ஸ்கேன்களின் மூலத் தரவை, உலகில் யாரும் ஆராயலாம் என்று திறந்துவிட்டார்கள். என் பார்வையில் அவர்கள் எழுதிய எந்த நிரலையும்விட இதுதான் பெரிய காரியம். மருத்துவமனைகள் படங்களைச் சேமிக்கும், கே-ஸ்பேஸ் மூலத் தரவைப் பெரும்பாலும் அழித்துவிடும். அது இல்லாமல் வெளியில் இருக்கும் ஆய்வாளரால் எதுவும் செய்ய முடியாது.

2020-ல் அவர்கள் 108 பேரின் முழங்கால் படங்களை வைத்து ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். கால் பங்குத் தரவில் ஏஐ உருவாக்கிய படத்தையும் வழக்கமான படத்தையும் ஆறு ரேடியாலஜிஸ்டுகள் தனித்தனியாகப் பார்த்தார்கள். நோயைக் கண்டுபிடிப்பதில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. ஆனால் செய்திகளில் அதிகம் வராத ஒரு நுணுக்கம் உண்டு. அதில் யாரும் குறைந்த நேரம் படுத்து எழவில்லை. முழு நேரம் எடுத்த ஸ்கேனில் இருந்து தரவைப் பிறகு நீக்கித்தான் சோதித்தார்கள். நிஜமாகவே வேகமாக எடுத்துப் பார்த்த ஆய்வுகள் அதற்குப் பிறகு வந்தன.

இன்று ஜிஇ, சீமென்ஸ், பிலிப்ஸ், கேனான் என்று பெரிய எம்.ஆர்.ஐ. நிறுவனங்கள் எல்லாமே ஆளுக்கொரு பெயரில் இந்த வசதியை விற்கின்றன. தாடை மூட்டுக்கும் இதைப் பயன்படுத்திப் பார்க்கிறார்கள். வழக்கமான முறை சோதனை இப்படி: ஒரே நபரை இரண்டு முறை எடுப்பது, ஒன்று வழக்கமான வேகத்தில், இன்னொன்று ஏஐ துணையோடு வேகமாக. எது எது என்று சொல்லாமல் ரேடியாலஜிஸ்டுகளிடம் கொடுத்து, டிஸ்க்கின் இடம், வடிவம், மூட்டில் நீர் கோத்திருக்கிறதா என்று கேட்டு, பதில்கள் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பது.

பழகிய கை தவறும் இடம்

மறுபடி கோலத்துக்கு வருவோம். ஒரு வீட்டில் மட்டும் வேண்டுமென்றே ஒரு வளைவை மாற்றிப் போடுகிறார்கள் என்று வையுங்கள். பழகிய கை என்ன செய்யும்? தனக்குத் தெரிந்த மாதிரியே போட்டு முடித்துவிடும். பார்க்க அழகாகவே இருக்கும், ஆனால் அந்த வீட்டுக் கோலம் அது இல்லை.

மருத்துவத்தில் நோய் என்பதே அந்த மாறிய வளைவுதானே?

இது வெறும் பயம் இல்லை. ஃபாஸ்ட் எம்.ஆர்.ஐ. குழு 2020-ல் மூளைப் படங்களை வைத்து நடத்திய போட்டியில், சில ஏஐ படங்களில் நிஜத்தில் இல்லாத ரத்தநாளம் போன்ற கோடுகள் இருந்ததை அவர்களே எழுதினார்கள். அதே ஆண்டு கேம்பிரிட்ஜ், ஆஸ்லோ உள்ளிட்ட பல்கலைக்கழகங்களின் கணிதவியலாளர்கள் ஒரு ஆய்வில் இன்னொன்றைக் காட்டினார்கள். உள்ளே போகும் தரவில் கண்ணுக்கே தெரியாத சின்ன மாற்றம் செய்தாலும் சில ஏஐ முறைகள் பெரிய தவறோடு படம் தந்தன. சில முறைகள், சின்னதாகப் புதிதாக ஒன்று இருந்தால் அதை மழுப்பிவிட்டன.

பழைய முறையில் தவறு நடந்தால் படம் அசிங்கமாக இருக்கும், பார்த்ததும் தெரியும், 'ரிப்பீட் எடுங்க' என்பார்கள். ஏஐ தவறினால் படம் அப்போதும் பளிச்சென்றுதான் இருக்கும். எனக்கு இதில் இருக்கும் ஒரே பெரிய கவலை இதுதான்.

தாடையில் இந்தக் கவலைக்குக் கூடுதல் காரணங்கள் உண்டு. டிஸ்க் எம்.ஆர்.ஐ.யில் கறுப்பாகத் தெரியும், அதை ஒட்டிய எலும்பின் மேல்புறமும் கறுப்பு. கறுப்புக்குப் பக்கத்தில் கறுப்பாக, 1 மில்லிமீட்டர் தடிமனில் இருக்கும் ஒன்றில் ஓட்டை விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரைச்சலைத் துடைக்கும் ஏஐ அந்த ஓட்டையையும் இரைச்சல் என்று நினைத்துத் துடைத்துவிடக்கூடாது. பற்களில் கிளிப் போட்டிருந்தால் அந்த உலோகம் காந்தப் புலத்தைக் கலைத்துப் படத்தைக் கோணலாக்கும். முழங்காலில் பழகிய ஏஐ இப்படிப்பட்ட கோணலைப் பார்த்தே இருக்காது. அதனால் 'முழங்காலில் நிரூபித்தாச்சு' என்ற விளம்பரம் தாடைக்குப் போதாது. தாடையில் தனியாக, நோயுள்ளவர்களிடம் சோதித்திருக்க வேண்டும்.

மிச்சமாகும் நேரம் யாருக்கு?

சரி, 30 நிமிட ஸ்கேன் 15 நிமிடம் ஆகிறது. அந்த 15 நிமிடம் யாருக்குப் போகும்?

ஸ்கேன் சென்டருக்குப் போனால், ஒரு நாளில் இன்னும் பல பேரை எடுப்பார்கள். காத்திருப்பு குறையும், அதுவும் நல்லதுதான். ஆனால் வேறு வழியும் இருக்கிறது. அதே நேரத்தில் இன்னும் மெல்லிய துண்டுகளாக எடுக்கலாம். அல்லது அசைந்துபோன கோணத்தை அவசரம் இல்லாமல் திரும்ப எடுக்கலாம். ஏஐ என்றாலே வேகம் என்று பேசுகிறோம், அதை அப்படியே தெளிவாகவும் மாற்றிக்கொள்ளலாம். எதைத் தேர்ந்தெடுப்பது என்பது மருத்துவ முடிவு, ஆனால் நடைமுறையில் அது பில் போடும் இடத்தில் முடிவாகிவிடக்கூடாது.

சந்தேகமே இல்லாமல் லாபம் பெறப்போவது குழந்தைகள். குழந்தைகளுக்கு வரும் ஒரு வகை மூட்டுவாதம் தாடை மூட்டையும் தாக்கும், பல சமயம் வலியே இல்லாமல். கண்டுகொள்ளாமல் விட்டால் கீழ்த்தாடையின் வளர்ச்சியே பாதிக்கும். அதைச் சீக்கிரம் கண்டுபிடிக்க எம்.ஆர்.ஐ. வேண்டும். ஐந்து வயதுக் குழந்தையை அந்தச் சத்தத்தில் அரை மணி நேரம் அசையாமல் படுக்கவைக்க முடியுமா? மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருக்கும். ஸ்கேன் சில நிமிடங்களில் முடிந்தால், சில குழந்தைகளுக்காவது அது தேவைப்படாமல் போகும்.

இன்னொரு பாதையும் இருக்கிறது. ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் மாக்ஸ் பிளாங்க் ஆய்வாளர் யென்ஸ் ஃப்ராம் குழுவினர், வாயைத் திறந்து மூடும்போதே தாடை மூட்டை வீடியோ போல எம்.ஆர்.ஐ.யில் எடுத்து 2011-ல் வெளியிட்டார்கள். வாயைக் கட்டையால் நிறுத்திவைக்கத் தேவையில்லை, டிஸ்க் எந்த நொடியில் 'டக்'கென்று குதிக்கிறது என்பதை ஓட்டத்திலேயே பார்க்கலாம். அப்படிப்பட்ட படங்களில் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் கிடைக்கும் தரவு மிகக் குறைவு. அங்கே ஏஐக்கு நிறைய வேலை இருக்கிறது.

உங்களுக்கு ஸ்கேன் எழுதிக் கொடுத்திருந்தால்

முதலில், சத்தம் மட்டும் இருந்து வலியோ திறப்பதில் சிரமமோ இல்லை என்றால் பெரும்பாலும் ஸ்கேனே தேவையில்லை. எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்த ஆய்வுகளில், சுமார் மூன்றில் ஒருவருக்கு டிஸ்க் நழுவியிருந்தது. அவர்கள் பாட்டுக்கு முறுக்கு கடித்துக்கொண்டிருந்தார்கள்! ஆகவே ரிப்போர்ட்டில் 'டிஸ்க் நழுவல்' என்று பார்த்தவுடன் ஆபரேஷன் வரை யோசிக்க வேண்டாம். மென்மையான உணவு, வெந்நீர் ஒத்தடம், தாடைப் பயிற்சி, இரவில் போடும் தகடு ஆகியவற்றிலேயே பெரும்பாலானவர்களுக்குக் குறைந்துவிடும்.

ஸ்கேனுக்குப் போகிறீர்கள் என்றால், பல்லில் கிளிப், இம்பிளான்ட், உடம்பில் பேஸ்மேக்கர் என்று எந்த உலோகம் இருந்தாலும் முன்பே சொல்லிவிடுங்கள். உங்களால் எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் வாய் திறந்து வைக்க முடியும் என்பதைப் படுப்பதற்கு முன்பே டெக்னீஷியனிடம் காட்டுங்கள். அதற்கேற்ற கட்டையை வைப்பார்கள். கையில் ஒரு ரப்பர் பந்து தருவார்கள், வலி தாங்கவில்லை என்றால் அழுத்துங்கள். வலியோடு தாக்குப்பிடித்து நடுங்குவதைவிட நிறுத்திவிட்டு மறுபடி எடுப்பது மேல்.

வேகமான ஏஐ முறையில் எடுக்கிறார்களா என்று கேட்பதில் தப்பே இல்லை. வாயைத் திறந்த நிலையிலும் எடுத்தார்களா என்பதையும் கேட்டு வாங்குங்கள், சில இடங்களில் மூடிய நிலையோடு முடித்துவிடுவதும் உண்டு. ரிப்போர்ட்டோடு படங்கள் உள்ள சிடி அல்லது லிங்க்கையும் வாங்கி, வாய்-தாடை அறுவை நிபுணரிடம் காட்டுங்கள். ரிப்போர்ட்டில் எழுதியிருப்பது உங்கள் வலியோடு பொருந்தவில்லை என்று அவர் சந்தேகப்பட்டால், குறிப்பிட்ட ஒரு கோணத்தை மட்டும் வழக்கமான வேகத்தில் திரும்ப எடுக்கச் சொல்லலாம். அதற்கு அதே மூன்று நிமிடம்தான் ஆகும்.